கோட்டைக்கு வடக்கே தோண்டினால் என்ன கிடைக்கும்?

தொடக்கக் கேள்வி, ஆகஸ்ட் 22

"சென்னை நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். பழமை என்றால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, பல்லாவரம் என்று எல்லாமே தெற்கில்தான் இருக்கின்றன. வடசென்னையில், அதாவது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே, 1639-இல் ஆங்கிலேயர் இடம் பெறுவதற்கு முன் மணல்மேடும் உப்பளமும் தவிர என்ன இருந்தது? அங்கும் தொல்லியல் ஆய்வு வேண்டும், ஊர்மக்களையும் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று சிலர் இந்த இணைய இழையில் எழுதுகிறார்கள். எதைத் தேடுவதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

ஆகஸ்ட் 22, இரவு

மெட்ரோ ரயிலில் வந்து திருவொற்றியூர்த் தேரடி நிலையத்தில் இறங்கிக் கோயிலுக்குள் போய்ப் பாருங்கள். அபராசித பல்லவன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அது ஒன்பதாம் நூற்றாண்டு. அதற்கும் முன்னரே, ஏழாம் நூற்றாண்டில், அப்பரும் சம்பந்தரும் அந்த ஊரைப் பாடிவிட்டார்கள். உப்பளம் இருந்தது உண்மைதான். உப்பளத்தை நம்பி ஊரும் இருந்தது.

ஆகஸ்ட் 24

நேற்றுமுன்தினம் அவசரத்தில் எழுதியதைச் சற்று விரிக்கிறேன், ஏனெனில் "ஒரு கோயில் இருந்தால் போதுமா, நகரம் இருந்ததா?" என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

திருவொற்றியூர்க் கல்வெட்டுகளை 1912-இல் அரசுக் கல்வெட்டுத் துறையினர் பெருமளவில் படியெடுத்தார்கள். பல்லவர், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் (கல்வெட்டில் கன்னரதேவன்), சோழர் என்று தொண்டை மண்டலத்தை ஆண்ட எல்லாக் கொடிகளின் கீழும் அந்தக் கோயில் கொடை பெற்றிருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் இறந்த துயரத்தில் துறவு பூண்டு இங்கே வந்து மடத்துக்குத் தலைவரான சதுரானன பண்டிதரைப் பற்றிய கல்வெட்டும் அவற்றில் ஒன்று. பின்னர், முதலாம் இராசேந்திரன் காலத்தில், சதுரானன பண்டிதர் என்னும் அதே பெயர் தாங்கிய மடத்துத் தலைவர் ஒருவரின் ஏற்பாட்டில் கருவறை விமானம் கருங்கல்லில் எழுப்பப்பட்டது. அதைக் கட்டிய தச்சனின் பெயரும், வீரசோழத் தச்சன் என்ற பட்டத்தையுடைய இரவி என்று, கல்லிலேயே நிற்கிறது. எந்தக் கோயிலிலும் அரசன் பெயர் கிடைக்கும். கட்டியவன் பெயர் கிடைப்பது அரிது. அந்த விமானம் யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாட அமைப்பு. அதற்கு முந்தைய கோயில் எந்த வடிவில் இருந்தது, அதன் அடித்தளம் இன்றும் கீழே இருக்கிறதா என்பது தொல்லியலுக்கு உரிய நல்ல கேள்வி; பூசை நடக்கும் கருவறையைத் தோண்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள் என்பதும் சரியே.

ஆனால் என் கருத்து வேறொரு திசையில் போகிறது. நந்தா (அணையா) விளக்குக்குச் "சாவா மூவாப் பேராடு" (எண்ணிக்கை குறையாத ஆட்டு மந்தை) கொடுத்ததையும் நிலம் எழுதி வைத்ததையும் சொல்லும் கல்வெட்டுகளில், நிலத்தின் நான்கு எல்லையும், ஏரியும், வாய்க்காலும், பக்கத்து ஊர்ப் பெயரும் வருகின்றன. புழற்கோட்டத்துத் திருவொற்றியூர் என்று தொடங்கி அவை ஒரு வட்டாரத்தையே வரைந்து காட்டுகின்றன. இந்த எல்லைகளைப் படிக்கக் கல்வெட்டு அறிஞருக்குத் தெரியும். அந்த வாய்க்கால் இன்று எந்தத் தெருவுக்கு அடியில் ஓடுகிறது என்பது மணலியிலும் எர்ணாவூரிலும் பயிர் செய்த குடும்பங்களுக்குத்தான் தெரியும். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்ததை நான் இதுவரை பார்த்ததில்லை. கூட்டாய்வு என்று நாங்கள் கேட்பது முதலில் இதைத்தான். மண்வெட்டி அப்புறம்.

ஆகஸ்ட் 25

"கல்வெட்டு இலக்கியம் சார்ந்தது, தொல்லியல் ஆகாது" என்று ஒருவர் எழுதியிருப்பதற்கு: சொல்லிப் பாருங்கள், கல்வெட்டுக்காரர்கள் படியெடுக்கும் மைக்கட்டையோடு உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

ஆகஸ்ட் 31

இப்போது மண்ணுக்கு வருவோம். நான் குழாய் பதிக்கும் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்ணாரப்பேட்டையிலும் தங்கசாலைத் தெருப் பக்கத்திலும் ஏழுகிணற்றிலும் தெருவைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஜேசிபி வராத சந்துகளில் கடப்பாரையால்தான் வெட்ட வேண்டும், ஆகவே பள்ளத்தின் சுவர் வழவழப்பாக நிற்கும். அதன் முன் நின்று மேலிருந்து கீழே படித்தால் ஊரின் கதை ஓரளவு விளங்கும்.

மேலே தார், தாருக்கு மேல் தார், சாலை போடும்போதெல்லாம் உயர்ந்த மட்டம். அதன் கீழ் ஜல்லி. பிறகு ஒரு முழம், சில இடங்களில் ஒன்றரை முழம், இடித்த கட்டடத்தின் மிச்சம்: மெல்லிய செங்கல், கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுத் துண்டு. அந்தச் சாந்தை விரலால் நசுக்கினால் வெள்ளைச் சிப்பித் துணுக்கு மின்னும். சிமெண்டில் அப்படி வராது. அதற்கும் கீழே சாக்கடை நாற்றமுள்ள கரிய வண்டல். கடைசியாகக் கடற்சிப்பி கலந்த மஞ்சள் மணல் வந்ததும் தொழிலாளர்கள் "கடல் வந்துடுச்சு" என்பார்கள், நீர் ஊறத் தொடங்கும், மோட்டார் வைக்க வேண்டும்.

இடிமானத்தின் அடுக்கில் ஒருமுறை என் கண்ணில் பட்டவை மூன்று. ஒன்று, கோலி சோடா பாட்டிலின் கழுத்து. கோலி உள்ளே விழாமல் தடுக்கும் இரண்டு குழிவுகளும் பச்சைக் கண்ணாடியில் அப்படியே இருந்தன. இரண்டு, நீலப் பூவேலை செய்த பீங்கான் விளிம்பு. மூன்று, ஆங்கில எழுத்து முத்திரை பாதி உடைந்த மங்களூர் ஓடு. மூன்றையும் பள்ளத்தின் கரையில் வைத்துவிட்டு அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடப் போனேன். திரும்பி வரும்போது எல்லாம் லாரியில் ஏறியிருந்தன. அந்த லாரி எங்கே கொட்டும் என்று கேட்டேன். ஏதாவது ஒரு பள்ளமான மனையில் என்றார்கள். ஆக, நாளை யாராவது மாதவரத்தில் அந்த மனையைத் தோண்டினால் தங்கசாலைத் தெருவின் சோடா பாட்டில் அங்கே கிடைக்கும். அதை வைத்து அவர்கள் ஒரு கட்டுரையும் எழுதக் கூடும்.

செப்டம்பர் 2

அந்தக் கோலி சோடா பாட்டில் எந்தக் காலத்தது என்ற கேள்விகளுக்கு. அந்தப் பாட்டிலை இங்கிலாந்தின் ஹிராம் காட் என்பவர் வடிவமைத்து 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார். மங்களூரில் பாசெல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-இல் தொடங்கியது. ஆகவே அந்த இரண்டும் கிடந்த அடுக்கு 1870-களுக்கு முன் விழுந்திருக்க முடியாது. "அப்படியானால் அது 1872-ஆம் ஆண்டு அடுக்கு என்று எழுதலாமா?" என்றால், கூடாது. கோலி சோடாவை நானே குடித்திருக்கிறேன். மங்களூர் ஓடும் சோடா பாட்டிலும் சொல்வது கீழ்வரம்பை மட்டுமே. அந்த ஆண்டுக்குப் பின் எப்போது வேண்டுமானாலும் அவை அங்கே வந்திருக்கலாம். மேல்வரம்பைச் சொல்ல அதன் மேல் கட்டிய சுவரின் காலம் தெரிய வேண்டும், அதற்குப் பத்திரம் வேண்டும், பத்திரத்துக்கு வீட்டுக்காரர் மனம் வைக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் வடசென்னைக்கே உரியது. இங்கே எந்தப் பள்ளமும் பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் விழும். குடிநீர், கழிவுநீர், மின்கம்பி, தொலைபேசி என்று ஒவ்வொரு துறையும் தன் முறைக்குத் தோண்டி மூடியிருப்பதால், மேலடுக்கின் பொருள் கீழே போயிருக்கும். பள்ளத்தின் சுவரில் மண்ணின் நிறம் செங்குத்தாக மாறினால் அது பழைய வெட்டு. அதற்குள் கிடைப்பதைக் கொண்டு காலம் சொல்லவே கூடாது. இதைத் தொழிலாளர்கள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள், ஏனெனில் அந்த இடத்தில் கடப்பாரை சுலபமாக இறங்கும்.

செப்டம்பர் 7

உயர் நீதிமன்றத்தின் அடியில் ஒரு ஊர் இருக்கிறது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்க ஒன்றுமில்லை.

கோட்டை கட்டியவுடன் அதன் வடக்குச் சுவரை ஒட்டி நெசவாளர், துபாஷிகள் (மொழிபெயர்ப்பாளர்களாகவும் தரகர்களாகவும் இருந்தவர்கள்), வணிகர் குடியேறிய பழைய கருப்பர் நகரம் எழுந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கவர்னர் தாமஸ் பிட் காலத்தை ஒட்டி வரையப்பட்ட வரைபடத்தில் அதன் தெருக்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்துக் கோட்டைக்கு நெருக்கமாக இருந்த பகுதியை இடித்தார்கள். 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று மிச்சத்தையும் இடித்தார்கள். அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பூக்கடை அருகே இன்று சென்னமல்லீசுவரரோடு சேர்ந்திருக்கும் இரட்டைக் கோயில் அதற்கு ஈடாகப் பின்னால் எழுந்தது. வெட்டவெளியான நிலத்தில் 1892-இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. இடித்தவர்கள் தரைக்கு மேல் இருந்ததைத்தான் இடித்தார்கள். கிணற்றையும் கடைக்காலையும் யாரும் பெயர்த்து எடுத்துப் போவதில்லை.

ஒரு நகரம் ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்து, தேதி தெரிந்த சில ஆண்டுகளுக்குள் இடிக்கப்பட்டு, அதன் மேல் நெடுநாள் வீடே கட்டப்படாமல் விடப்பட்டது என்றால், தொல்லியலாளருக்கு அதைவிட வசதியான இடம் வேறு எங்கே அமையும்? நெசவாளர் வீட்டையும் துபாஷியின் மாடியையும் அருகருகே பார்க்கலாம். எந்தப் பீங்கான் யார் வீட்டுக்குப் போனது, எந்தத் தெரு கிணற்று நீரைக் குடித்தது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்கள் சொல்லாததை மண் சொல்லும். அதற்கு அங்கே ஒரு கட்டடப் பணியோ நிலத்தடிப் பணியோ நடக்கும்போது தொல்லியலாளர் ஒருவர் பள்ளத்தின் கரையில் நிற்க வேண்டும். இலண்டனில் 1990-க்குப் பிறகு திட்ட அனுமதி விதிகளே கட்டடம் கட்டுபவரின் செலவில் இதைச் செய்ய வைத்தன. நம் ஊரில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு என்று தொல்சின்னச் சட்டத்தின் 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் சின்னமே மண்ணுக்கு அடியில் இருந்தால் எங்கிருந்து அளப்பது என்று அது சொல்லவில்லை.

செப்டம்பர் 8

சேர்க்க மறந்தது: அந்த வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் ஒன்று, 1773 ஜனவரி 1 என்ற தேதியோடு, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் மூலையில் இன்றும் நிற்கிறது. அதன் நிழலில் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் இந்த இழையில் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கலாம்.

செப்டம்பர் 15

"கிடைத்ததை எல்லாம் சேகரித்து நாமே ஒரு காட்சியகம் வைப்போம்" என்ற யோசனைக்கு நான்கைந்து பேர் கைதட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

முதலில் சட்டம். மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அந்தப் பத்து ரூபாய் இன்னும் மாறவில்லை. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். நூறு ஆண்டைக் கடந்த பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அவற்றை வாங்கி விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை, தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது காரணம் சட்டத்தைவிடப் பெரியது. எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதனோடு சேர்ந்து கிடைத்தது என்று தெரியாத பொருள், சீட்டு இல்லாத மாத்திரை மாதிரி. நல்லதாகவே இருக்கலாம், ஆனால் எதற்கென்று யாராலும் சொல்ல முடியாது. இதற்குக் கோட்டைக்குள்ளேயே சான்று உண்டு. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய ஆங்கிலேய இடுகாட்டின் சமாதிகளுக்குப் பின்னால் மறைந்து நின்று சுட்டது. ஆகவே முற்றுகை முடிந்ததும் சமாதிகளை இடித்துக் கல்வெட்டுப் பலகைகளை மட்டும் தூய மரியன்னை ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் பதித்தார்கள். இன்று அங்கே பலகைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுக்கு உரியவர்கள் கீழே இல்லை. இடத்திலேயே விடப்பட்ட டேவிட் யேல் (கவர்னர் எலிஹு யேலின் மகன்), ஹின்மர் இருவரின் சமாதி மட்டும் பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் தனியாக நின்று, இடுகாடு எங்கே இருந்தது என்பதைக் காட்டுகிறது. இடம்பெயர்ந்த அத்தனை பலகைகளாலும் முடியாத வேலையை நகராத ஒன்று செய்கிறது.

செப்டம்பர் 16

இங்கிலாந்தில் பொதுமக்களே கண்டெடுத்துப் பதிகிறார்களே என்று கேட்டவருக்கு. ஆம், 1997 முதல் அங்கே அப்படி ஒரு பதிவுத் திட்டம் நடக்கிறது. வயலில் நாணயம் கண்டவர் அதைத் தொல்பொருள் அலுவலரிடம் காட்டினால், அவர் இடத்தைக் குறித்துக்கொண்டு பெரும்பாலும் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அங்கே பொருளைவிடப் பதிவுக்கே மதிப்பு. நம் சட்டம் வேறு, நிலைமை வேறு. ஆனால் பதிவை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. நிழற்படம், இடம், ஆழம், தேதி. பொருளைத் தொடவே வேண்டாம்.

செப்டம்பர் 29

கூட்டாய்வு என்றால் என்ன என்பதற்கு உலகமே பார்க்கும் எடுத்துக்காட்டு நம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. "நம்" என்பதை வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனெனில் அது எண்ணூரில் கடலில் சேரும் கொசஸ்தலை ஆறு.

இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு கற்கருவியை அடையாளம் கண்டதைப் பாடநூல்கள் சொல்கின்றன. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசஸ்தலைப் பள்ளத்தாக்கில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். இருவரும் நிலவியலாளர்கள், தொல்லியலாளர்கள் அல்லர். பின்னர் வந்த பலரைத் தாண்டி, 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே அகழ்ந்தார்கள். அவர்கள் கண்டெடுத்த கருவிகளின் காலத்தைக் கற்களில் பதிந்த காஸ்மிக் கதிர்த் தடயங்களைக் கொண்டும் காந்தப்புல ஆய்வைக் கொண்டும் பிரான்சு நாட்டு ஆய்வகத்தினரோடு சேர்ந்து கணித்து 2011-இல் வெளியிட்டார்கள்: குறைந்தது 10 இலட்சத்து 70 ஆயிரம் ஆண்டு, சராசரியாக 15 இலட்சம் ஆண்டு. அடுத்து, அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தோடு சேர்ந்து, மணற்துகள் கடைசியாக வெயிலைப் பார்த்த காலத்தை அளக்கும் முறையால், இடைப் பழங்கற்காலக் கருவிகள் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கின என்று 2018-இல் காட்டினார்கள். கருவியைச் செதுக்கிய விதம் தொல்லியலாளருக்குத் தெரியும், வண்டல் படிந்த விதம் நிலவியலாளருக்கு, கதிர்வீச்சு இயற்பியலாளருக்கு. பள்ளத்தில் இறங்கி மண்ணைச் சுரண்டியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள்.

"அது திருவள்ளூர் மாவட்டம், வடசென்னைக்கு என்ன?" என்ற கேள்வி வரும் என்று தெரியும். ஆறு மாவட்ட எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. பழைய பாலாறே இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் ஓடியது என்று நிலவியலாளர்கள் கூறுவர். அதே வட்டாரத்தில் பட்டறைப்பெரும்புதூரில் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகளோடு கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் சுடுமண் உறைகிணறும் கிடைத்தன. ஆற்றோட்டத்தில் மேலே கற்கால மனிதன், நடுவே இரும்புக்கால ஊர், கீழே முகத்துவாரத்தில் திருவொற்றியூரும் எண்ணூரும், இன்னும் வடக்கே 1613-இல் டச்சுக்காரர் கோட்டை கட்டிய பழவேற்காடு. இந்த வரிசையில் நடுவில் விட்டுப்போன கண்ணி எங்கள் பகுதி. ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்கும் யாரும் தேடவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொடக்கக் கேள்வியாளர் கவனிக்க வேண்டும்.

செப்டம்பர் 30

ஆனால் இராயபுரத்தில் கைக்கோடாரி கிடைக்கும் என்று யாரும் மண்வெட்டியோடு கிளம்ப வேண்டாம். இந்தக் கரை இளம் கரை. சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிடச் சற்று உயர்ந்திருந்தது. நாம் நிற்கும் மணல் அதன் பிறகு படிந்தது. பழங்கற்காலம் வேண்டுமானால் செங்குன்றம் பக்கம், செம்மண் சரளை தெரியும் இடங்களுக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 6

நேற்று காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இழையின் சாரத்தைச் சொன்னதும், "ஊர் கீழே இல்ல தம்பி, கிழக்கே இருக்குது" என்று கடலைக் காட்டினார். (எனக்கு வயது அறுபத்திரண்டு, அவருக்கு நான் தம்பிதான்.)

அவர் சொன்னது நிலவியலோடு பொருந்துகிறது. துறைமுகம் கட்டும் வேலை 1876-இல் தொடங்கியது. ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததும் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது, வடக்கே மணல் வரத்து நின்று கடல் உள்ளே வந்தது. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரைக்கும் இன்று கரையில் கிடக்கும் கருங்கற்கள் அந்த அரிப்பைத் தடுக்கக் கொட்டியவை. மீனவர் தெருக்கள், கோயில்கள், கல்லறைகள் என்று கடலில் போனவற்றின் பட்டியல் அங்குள்ள குடும்பங்களின் நினைவில் இருக்கிறது. வலை மாட்டிக் கிழியும் இடங்களையும் அவர்கள் அறிவார்கள். கரையில் தெரியும் கோபுரத்தையும் புகைபோக்கியையும் நேர்வைத்து அந்த இடத்தை இருட்டிலும் தவிர்த்துப் போவார்கள்.

பூம்புகாரில் மாநிலத் தொல்லியல் துறையும் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் சேர்ந்து கடலுக்கடியில் ஆய்வு செய்தன. காசிமேட்டுக் கடலில் அப்படி ஒன்று நடக்கும்வரை, வலை மாட்டும் இடங்களின் பட்டியலையாவது எழுதி வைக்கலாம். ஆகஸ்ட் 31-இல் நான் எழுதிய பள்ளங்கள் எல்லாம் கரைக்கு மேற்கே இருப்பவை; பழைய ஊரின் கிழக்குப் பாதியை விட்டுவிட்டுத்தான் இத்தனை நாளும் பேசியிருக்கிறோம்.

அக்டோபர் 20

மழை தொடங்கிவிட்டது. வடிகால் பள்ளங்களில் நீர் நிற்கிறது, இனி ஜனவரிவரை எந்தச் சுவரையும் படிக்க முடியாது.

மழைக்கு முன் நடந்த ஒன்றைப் பதிகிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் வட்டமாகக் கட்டிய செங்கல் கிணற்றின் விளிம்பு பள்ளத்தில் பாதி தெரிந்தது. ஒப்பந்தக்காரரிடம் ஒரு மணி நேரம் கேட்டேன். அளந்து படமெடுத்தால் போதும் என்றேன். அவர், "சார், இதுக்கு யாரு பில் போடுறது?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்ததுதான் வருத்தம். அவருக்குத் தாமதத்துக்கு அபராதம் உண்டு, கிணற்றைக் காப்பாற்றியதற்கு ஒரு பைசாவும் இல்லை. ஆனால் அவரிடம் வேலை செய்த விழுப்புரத்துப் பெண் ஒருவர், நான் போன பிறகு, தன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். அளவுக்காகப் பக்கத்தில் மண்வெட்டியை நிறுத்தியிருந்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தப் படத்தில் செங்கலின் தடிமன் தெரிகிறது: மெல்லியது, அண்மை நூற்றாண்டுகளின் கட்டு. சங்ககாலச் செங்கல் தடிமன், அகலம், நீளம் மூன்றும் ஏறத்தாழ 1:3:6 என்ற விகிதத்தில் பெரிதாக இருக்கும், இது அதுவல்ல. இருந்தாலும், 1772-இல் கேப்டன் பேக்கர் கோட்டைக்கு நீர் அனுப்ப வெட்டிய ஏழுகிணறுகளின் அருகே குடிமக்கள் தங்களுக்கென்று எங்கெங்கே கிணறு வைத்திருந்தார்கள் என்பதற்கு இது ஒரு புள்ளி.

நவம்பர் 3

பதிவுக்கென்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைப் பார்த்து முடித்தேன். பெரும்பாலானவற்றில் உள்ளங்கையில் ஒரு பானை ஓட்டுத் துண்டு இருக்கிறது, உள்ளங்கை யாருடையது என்றுகூடத் தெரியவில்லை. இரண்டு படங்கள் கீழடிப் படங்கள். அனுப்பியவர் பெருமைக்காக அனுப்பியிருப்பார், புரிகிறது. மணலியிலிருந்து ஒருவர் அனுப்பியது மட்டும் பயன்படும்: பள்ளத்தின் முழுச்சுவர், சாய்த்து வைத்த டேப், பின்னணியில் மின்கம்பத்தின் எண். கம்பத்தின் எண்ணைவிட நல்ல அடையாளம் நம் தெருக்களில் வேறில்லை. வீட்டு எண்ணில் பழையது, புதியது என்று இரண்டு உண்டு, கடைப் பெயர் ஆண்டுக்கு ஒருமுறை மாறும்.

ஆகவே இனி அனுப்புவோர் மின்கம்ப எண், சாலை மட்டத்திலிருந்து ஆழம், மண்ணின் நிறம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பொருளின் காலத்தை நீங்கள் எழுத வேண்டாம். "சோழர் காலம்" என்று எழுதி வந்த ஒரு துண்டில் கழிவறைப் பீங்கான் கம்பெனியின் முத்திரை இருந்தது.

நவம்பர் 24

தொடக்கக் கேள்வியாளர் தனிச்செய்தியில் எழுதியிருந்தார். அவர் பெரியம்மாவின் பழைய வண்ணாரப்பேட்டை வீட்டை இடிக்கும்போது சுவருக்குள் இருந்து 1808 என்று பொறித்த செப்புக்காசு ஒன்று வந்ததாம், இருபது காசு. அது கிழக்கிந்தியக் கம்பெனி மதராசுக்காக இங்கிலாந்தில் அச்சடித்து அனுப்பிய வகை. அத்தகைய காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையிலேயே மூழ்கியது. அதனால் அந்தக் காசுகள் இன்று இங்கிலாந்தின் கடலடியிலும் கிடைக்கின்றன, வண்ணாரப்பேட்டைச் சுவரிலும் கிடைக்கின்றன.

அவர் கேட்டது அதன் விலை. விலை மிகக் குறைவு, ஏனெனில் இலட்சக்கணக்கில் அச்சடித்தார்கள். நான் கேட்பது வேறு: எந்தச் சுவர், தெருவைப் பார்த்த சுவரா, சமையலறைச் சுவரா, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், சாந்துக்குள் பதிந்திருந்ததா, செங்கல் இடுக்கில் செருகியிருந்ததா. சாந்துக்குள் பதிந்திருந்தால் அந்தச் சுவர் 1808-க்குப் பிந்தியது என்று ஒரு வீட்டுக்காவது உறுதியாகச் சொல்லலாம். இடுக்கில் செருகியிருந்தால் யாரோ ஒளித்து வைத்த காசு, சுவர் அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். பெரியம்மாவிடமும், சுவரை இடித்த கொத்தனாரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், இருவரும் சொல்வது பொருந்துகிறதா என்று பாருங்கள். இடிமானத்தை அள்ளும் வண்டி திங்கட்கிழமை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு காலை டேப்போடு வருகிறேன். முழுச் செங்கல் சிலவற்றைச் சாந்தோடு ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள்.